அயல்நிலத்துக் கிறிஸ்துமஸ்: மிஷனரிகளின் எழுத்தில் ஒரு திருநாள்

மிஷனரிகள் விட்டுச்சென்ற கடிதங்களிலும் நாட்குறிப்புகளிலும் ஆண்டறிக்கைகளிலும் கிறிஸ்துமஸுக்குத் தனி இடம் உண்டு. ஊர் நினைப்பு அதிகம் வாட்டும் நாள் அது. அனுப்பிவைத்த சபைக்குக் கணக்குச் சொல்லும் நாளும் அதுவே. பணியின் பலனை ஞானஸ்நான எண்ணிக்கையால் அளப்பது அந்த அறிக்கைகளின் வழக்கம். அந்தத் திருநாள் கடைசியில் யாருடையதாயிற்று என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்பது என் துணிபு.

கனடாவின் வெண்டாட் மக்களிடையே பணிசெய்த பிரெஞ்சு இயேசுசபைக் குரு ழான் தெ பிரெபெஃப், 1642ஆம் ஆண்டை ஒட்டி அவர்கள் மொழியில் ஒரு கிறிஸ்து பிறப்புப் பாடல் இயற்றினார் என்பது மரபு. மெட்டு அவருடைய தாய்நாட்டுப் பழைய மெட்டு. சொற்கள் வெண்டாட் மொழியின் சொற்கள். அதற்குச் சற்று முந்தைய ஆண்டுகளில் ஐரோப்பியர்களோடு வந்த கொள்ளைநோய்கள் அம்மக்களைப் பாதியாகக் குறைத்தன. 1649இல் பிரெபெஃப் போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். வெண்டாட் மக்கள் நிலமிழந்து சிதறினார்கள். கியூபெக் அருகே தஞ்சம் புகுந்தவர்களோ அந்தப் பாடலை விடவில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் பாடிவந்ததால்தான் அது ஏட்டில் ஏறியது. இன்று கனடா முழுவதும் பாடப்படும் ஆங்கில வடிவம் 1926இல் எழுதப்பட்டது. அதில் வரும் முயல்தோல் போர்வை மூலப்பாட்டில் இல்லை.

அதே கனடாவின் லாப்ரடார் கடற்கரையின் கதை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டியது. ஜெர்மானியப் புரொட்டஸ்டண்ட் சபையான மொராவியச் சபையார் 1771இல் அங்கே நெய்ன் என்ற இடத்தில் இன்யூட் மக்களிடையே குடியேறினார்கள். கோடையில் பனிக்கட்டி விலகியதும் லண்டனிலிருந்து ஆண்டுக்கு ஒரு கப்பல் வரும். அது திரும்பிவிட்டால் டிசம்பரில் கையில் இருப்பது அரையாண்டுப் பழைய கடிதம்தான். மொராவியருக்குக் கிறிஸ்துமஸ் முந்தின இரவு குழந்தைகளின் திருநாள். 1747இல் ஜெர்மனியின் மரியன்போர்னில் குழந்தைகளுக்குச் சிவப்பு நாடா சுற்றிய மெழுகுவர்த்தி கொடுத்ததிலிருந்து வந்த வழக்கம் அது. லாப்ரடாரில் அந்த மெழுகுவர்த்தியை டர்னிப் கிழங்கில் குழிவெட்டிச் செருகினார்கள். குறுகிய கோடையில் அங்கே விளைந்த கிழங்கு அது. இருட்டிய ஆலயத்தில் குழந்தைகள் அதை ஏந்திப் பாடுவார்கள். பாடி முடிந்ததும் கிழங்கைப் பச்சையாகவே கடித்துத் தின்பார்கள்.

அந்த இரவில் கிழங்கை நீட்டிய மிஷனரிப் பெற்றோரின் சொந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் அருகில் இல்லை. ஏழு வயதை ஒட்டிப் பிள்ளைகளை ஐரோப்பாவுக்குப் படிக்க அனுப்பிவிடுவது மொராவிய வழக்கம். சாக்சனியின் கிளைன்வெல்காவில் அதற்கென்றே பள்ளி இருந்தது. குழந்தைகளின் திருநாளைத் தம் குழந்தைகள் இன்றி, பிறர் குழந்தைகளோடு ஆண்டுதோறும் கொண்டாடினார்கள். தொலைவின் விலை என்னவென்று அறிய இதைவிட வேறு சான்று தேவையில்லை.

விலை ஒரு பக்கத்தார் மட்டும் கொடுத்ததல்ல. 1918 இறுதியில் அதே மிஷன் கப்பல் கொண்டுவந்த இன்ஃபுளுவென்சா, லாப்ரடாரின் ஓக்காக் குடியிருப்பில் பெரும்பாலோரைக் கொன்றது, ஊரே கைவிடப்பட்டது. ஆனாலும் மற்றக் குடியிருப்புகளில் பாடகர் குழுவையும் பித்தளை வாத்தியங்களையும் இன்யூட் கலைஞர்களே காப்பாற்றி வந்தார்கள். அதன்பின் அந்தக் கிறிஸ்துமஸை ஜெர்மானியத் திருநாள் என்று யாரும் சொல்ல முடியாது.

அனுப்பிவைத்த சபைகளின் பக்கத்திலும் அந்தத் திருநாள் உருமாறியது. சீனாவின் ஷான்டோங்கில் 1873 முதல் உழைத்த அமெரிக்க மிஷனரிப் பெண் லாட்டி மூன், பிங்டுவில் இனிப்பு பிஸ்கட் சுட்டுக்கொடுத்துக் குழந்தைகளின் அச்சத்தைப் போக்கியவர். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரத்தில் தாயகத்துச் சபைப் பெண்கள் மிஷன் காணிக்கை சேர்க்க வேண்டும் என்று 1887இல் சீனாவிலிருந்து எழுதினார். அடுத்த ஆண்டே 3,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. தாயகம் திரும்பும் வழியில், 1912 டிசம்பர் 24 அன்று, ஜப்பானின் கோபே துறைமுகத்தில் கப்பலிலேயே இறந்தார். பின்னர் 1918இல் அந்தக் காணிக்கைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

நம் மண்ணிலும் இந்த வரலாற்றுக்கு ஒரு கிளை உண்டு. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்னின்றார். 1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில், வில்லியம் கேரியின் நூலகத்தில், தேசிய மிஷனரி சங்கம் பிறந்தபோதும் அவர் முன்னணியில் இருந்தார். 1909இல் தெலுங்கு நாட்டின் டோர்னக்கலுக்குக் குடிபெயர்ந்து தெலுங்கிலேயே உபதேசித்தார். அங்கே அவர் எழுப்பிய பேராலயத்தில் இந்துக் கோயிலின் தூண்களும் மசூதியின் குவிமாடங்களும் ஒன்றாக நிற்கின்றன. ஞானிகள் பாலனைக் கண்ட திருநாளான ஜனவரி 6 அன்று, 1939இல், அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. அயலார் முதலில் வந்து வணங்கிய நாளுக்கு அதைவிடப் பொருத்தமான கட்டடம் இராது.

இந்தத் துறையில் இதுவரை நாம் அதிகம் படித்தது வந்தவர்களின் எழுத்தை. வரவேற்றவர்களின் பாட்டுப் புத்தகம், வாய்மொழி நினைவு, சபைப் பதிவேடு இவை இன்னும் போதிய அளவு வாசிக்கப்படவில்லை. தெலுங்கு நாட்டுக்குப் போன தமிழ் ஊழியர்களின் கடிதங்களையும், அவர்களை ஏற்ற கிராமங்களின் நினைவுகளையும் சேர்த்துப் பதிப்பிப்பது தமிழ்ச் சபைகளும் பல்கலைக்கழகங்களும் உடனே கையில் எடுக்க வேண்டிய வேலை. அந்தத் திருநாளைத் தமதாக்கிக்கொண்டவர்களின் சொல் இல்லாமல் இந்த வரலாறு பாதி வரலாறுதான்.