கோபன்ஹேகனில் ஒரு பியானோ

நாட்டை விட்டு வந்த கலைஞன் என்றதுமே அவனிடம் நாம் துக்கத்தை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். அவன் அழவேண்டும்; நாம் உருகவேண்டும். இந்த எதிர்பார்ப்போடுதான் டாலர் பிராண்டின் 'ஆப்பிரிக்கன் பியானோ' என்ற ஜாஸ் இசைத்தட்டை நான் முதலில் கேட்டேன். ஏமாற்றமாக இருந்தது. இடது கை ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. பின்னால் கோப்பைகளின் சத்தம், யாரோ பேசிக்கொள்ளும் சத்தம். இதில் என்ன இருக்கிறது என்று எடுத்து வைத்துவிட்டேன். தவறு என்னுடையது என்று தெரியச் சில வருஷங்கள் ஆயின.

பிராண்ட் 1934ல் தென்னாப்பிரிக்காவில், கேப்டவுனில் பிறந்தவர். பாட்டி மாதாகோவிலில் பியானோ வாசித்தவள். 1960ல் நண்பர்களோடு சேர்ந்து இவர் வாசித்த 'ஜாஸ் எபிஸில்ஸ்' இசைத்தட்டுதான் அந்நாட்டுக் கறுப்பர் குழு ஒன்றின் முதல் நெடுந்தட்டு. அதே ஆண்டு மார்ச் 21ந் தேதி ஷார்ப்வில்லில் போலீசார் 69 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு கலைஞனுக்கு அங்கே மூச்சுவிட இடமில்லை. 1962ல் பிராண்ட் ஐரோப்பாவுக்குப் போனார். மறு ஆண்டு ஜூரிச்சில் அவர் வாசிப்பைக் கேட்ட டியூக் எலிங்டன் பாரிஸில் ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்தார். 1968ல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா இப்ராஹிம் ஆனார். நான் சொல்லும் கச்சேரி 1969 அக்டோபரில், கோபன்ஹேகனில் மோன்மார்த்தர் என்ற ஜாஸ் விடுதியில் நடந்தது. பியானோவைத் தவிர வேறு வாத்தியம் கிடையாது.

அந்த இடது கையைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் கச்சேரியில் தம்புரா செய்யும் வேலையை இது செய்கிறது என்று முதலில் நினைத்தேன். அது சரியல்ல. தம்புரா ஓரிடத்தில் நிற்கிறது, இது நடக்கிறது. பத்து நிமிஷத்துக்கு மேல் நீளும் முதல் உருப்படியில், ஒரு மனிதன் தெரிந்த தெருவில் நிதானமாக நடந்துபோவது போல இருக்கிறது. ஆனால் தெரு எங்கே? கேப்டவுனின் 'ஆறாம் வட்டாரம்' 1966ல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டது. பிறகு 60,000 பேருக்கு மேல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள், வீடுகள் இடிக்கப்பட்டன. இடிபடும் ஊரை நினைத்து அழாமல், அதில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார் இவர்.

தட்டில் 'கிப்பி' என்று ஒரு உருப்படி வருகிறது. ஜாஸ் எபிஸில்ஸில் சாக்ஸபோன் வாசித்த கிப்பி மொகெட்ஸியின் பெயர் அது. அவர் லண்டன் வரை போய்த் திரும்பிவிட்டவர். 1983ல் இறக்கும்வரை தென்னாப்பிரிக்காவில்தான் வாழ்ந்தார். கறுப்பன் தன் நாட்டிலேயே நடமாட அனுமதிப் புத்தகம் வைத்திருக்கவேண்டிய காலம் அது. அந்நியனானது போனவனா, இருந்தவனா? நாவலாசிரியன் நானூறு பக்கம் எழுதியும் தடுமாறக்கூடிய கேள்வி இது. பியானோ பதில் சொல்வதில்லை; நண்பனின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த உருப்படிக்குப் போய்விடுகிறது.

குறை இல்லாமலும் இல்லை. சின்ன உருப்படிகள் சில, வளர்வதற்குள் கைவிடப்படுகின்றன. இடையில் நிறுத்தாமல் வாசிப்பதால், எது முடிந்தது எது தொடங்கியது என்று புதிதாகக் கேட்பவர் திணறுவார். அடுக்கடுக்காக வரும் ஓசை சில இடங்களில் வெறும் பழக்கமாகவும் ஆகிவிடுகிறது.

ஆனால் இப்போது கோப்பைச் சத்தம் எனக்கு இடைஞ்சலாக இல்லை. அயலூர் அப்படித்தான் இருக்கும். தன் பாட்டுக்குக் குடிக்கும், பேசும். அதற்கு நடுவில் உட்கார்ந்து ஒருவன் தன் ஊரை வாசிக்கவேண்டியிருக்கிறது. ஏக்கத்தை எழுதிக் கைதட்டல் வாங்குவது சுலபம், நானே வாங்கியிருக்கிறேன். இந்தத் தட்டைக் கேட்டபிறகு அந்தப் பக்கங்களைத் திரும்பப் படிக்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.