‘பத்து நியாயங்கள்’ — ஓர் ஆராய்ச்சி

ஒரு நூலை ஆராயப் புகுவார், அந்நூல் எடுத்துக்கொண்ட நோய் யாது, அதற்குக் கூறிய காரணம் யாது, வகுத்த மருந்து யாது என்னும் மூன்றனையும் வேறு வேறாக வைத்து நோக்குதல் முறை. நோயைச் செவ்விதிற் கண்டார் காரணத்திற் பிழைத்தலும், காரணத்தைக் கண்டார் மருந்திற் பிழைத்தலும் உலகத்து உண்டு. அமெரிக்க நாட்டுக் கணினியறிஞர் ஜேரன் லேனியர் என்பார் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூலொன்று, சமூக ஊடகக் கணக்குகளை இப்பொழுதே நீக்கிவிடுதற்குப் பத்து நியாயங்கள் கூறுகின்றது. அவற்றுள் முதலாவது, மனிதன் தன் இச்சா சுதந்திரத்தை இழந்து வருகின்றான் என்பது. பத்தாவது, சமூக ஊடகம் ஆன்மாவை வெறுக்கின்றது என்பது. சுதந்திரமும் ஆன்மாவும் பேசப்படுமிடத்துச் சைவசித்தாந்திகள் வாளாவிருத்தல் தகாது. ஆதலின் அந்நூற்பொருள் ஈண்டு ஆராயப்படும்.

லேனியர் புறத்தே நின்று பழிப்பாரல்லர். கணினியால் தோற்றவுலகைப் படைத்துக் காட்டும் மெய்ந்நிகர்க் கலையின் முன்னோடிகளுள் ஒருவர். இணையத்தையும் கைப்பேசியையும் அவர் விலக்கச் சொல்லவில்லை. மாந்தரின் நடத்தையை நாடோறும் அளந்து, சிறிது சிறிதாக மாற்றி, அங்ஙனம் மாற்றும் ஆற்றலையே விளம்பரஞ் செய்வார்க்கு வாடகைக்கு விடும் வாணிகமுறை ஒன்றனையே அவர் குற்றமென்கின்றார். இது மிகைபடக் கூறியதன்று. பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் உடைய மெட்டா நிறுவனம் 2023ஆம் ஆண்டில் ஈட்டிய ஏறக்குறைய 13,500 கோடி டாலர் வருவாயில், ஏறக்குறைய 13,200 கோடி விளம்பரத்தால் வந்தது. பயன்படுத்துவான் ஒரு காசும் கொடுத்திலன். அவன் கண்ணும் கருத்துமே விற்கப்பட்டன என்பது இதனாற் போதரும்.

இனி, அக்கண்ணையும் கருத்தையும் கவரும் உபாயம் யாது எனின், அது பழைய விலங்குச் சோதனைகளிலேயே விளங்கியதொன்று. உளநூலறிஞர் ஸ்கின்னர், பெர்ஸ்டர் என்பாருடன் கூடி 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், புறா முதலியவற்றிற்கு இரை கொடுக்கும் முறைகளை வகுத்துக் காட்டினார். இத்தனை முறை கொத்தினால் இரை வரும் என்னும் நியதியின்றி, ஒருகால் விரைந்தும் ஒருகால் தாழ்த்தும் இரை வருமாயின், புறா ஓய்வின்றிக் கொத்திக்கொண்டே இருக்கும். கைப்பேசியைத் திறந்து திறந்து பார்ப்பான் நிலையும் இதுவே. ஒருகால் புகழ்மொழி வந்திருக்கும். ஒருகால் ஒன்றும் வந்திராது. வாராமையே அவனை மீண்டும் பார்க்கச் செய்யும். பேஸ்புக்கில் 2009ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்ட ‘விருப்பம்’ என்னும் பொத்தான் இவ்விரையை எண்ணிக்கையாகவே காட்டிற்று. அந்நிறுவனத்தின் முதற்றலைவராயிருந்த ஷான் பார்க்கர், மனித உளத்தின் ஒரு பலவீனத்தை அறிந்தே பயன்படுத்தினோம் என்னுங் கருத்தினை 2017ஆம் ஆண்டில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இவற்றையெல்லாம் லேனியர் தொகுத்துரைக்கும் பகுதி ஐயத்திற்கு இடனின்றி நிற்கின்றது. நோயை அவர் செவ்விதிற் கண்டார் என்பதே துணிபு.

காரணங் கூறுமிடத்து நூல் தளர்கின்றது. குற்றமெல்லாம் விளம்பர வாணிகத்தது. பயன்படுத்துவாரே கட்டணம் செலுத்துவாராயின் இவ்வூடகங்கள் திருந்தும் என்பது ஆசிரியர் கருத்து. நூல் வெளிவந்தபின் நிகழ்ந்தவை இதனை முற்றத் தாங்கவில்லை. 2022ஆம் ஆண்டின் இறுதியில் டுவிட்டர், திங்கட்கட்டணம் செலுத்துவார் பெயரருகே நீலக்குறி இடப்படும் என்றது. முன்னர்ப் பெயர்பெற்றார்க்கு உரியதாயிருந்த குறி விலைப்பொருளாயிற்று. அங்கு விளம்பரமும் ஒழிந்திலது ஆதலின் அது முழுச் சோதனையாகாது என்பாராயின், ஒக்கும். 2023ஆம் ஆண்டு நவம்பரில் மெட்டா நிறுவனம் ஐரோப்பாவிற் கட்டணம் செலுத்துவார்க்கு விளம்பரமின்றியே பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் அளிக்கத் தொடங்கியது. விளம்பரம் நீங்கியும், விருப்பங்களின் எண்ணிக்கையும், அதனை நோக்கிக் காத்திருக்கும் நெஞ்சும் நீங்கியபாடில்லை. எனவே விளம்பரம் நோயை வளர்க்கும் துணைக்காரணமேயன்றி முதற்காரணமாகாது. தன்னைப் பிறர் வியத்தல் வேண்டுமென்னும் வேட்கை பொறி தோன்றுமுன்னரே உயிரில் உள்ளது. அதனையே ஆணவம் என்பர் சித்தாந்த நூலார்.

அற்றேல், நிறுவனங்கள் குற்றமற்றன ஆகுமோ எனின், ஆகா. கள்ளுண்பான் வேட்கை அவனுடையதேயாயினும், அவ்வேட்கையை அளந்தறிந்து அவன் வாயிலிற் கடை வைத்தான் பழியினின்றும் தப்பான். ஆயினும் கடையை மாற்றிய அளவில் வேட்கை மாறும் என்பது கூடாதென்பதே ஈண்டுக் கருதியது.

இனி, சுதந்திரத்தைப் பற்றிய நியாயத்தை நோக்குவாம். நாய் மனிதனுக்கு அடங்கிப் பழகியது. பூனையோ மனிதனோடு வாழ்ந்தும் தன்போக்கிலேயே நிற்பது. ஆதலின் பூனையைப் போல இருங்கள் என்று லேனியர் நூலைத் தொடங்குகின்றார். உவமை இனிது, ஆயினும் அது பாதிவழி செல்வதே. பூனை பிறர்க்கு அடங்காமை உண்மை. தன் புலன்களுக்கு அடங்காமை அதற்கு உண்டோ? எலியைக் கண்டவிடத்து அதன் சுதந்திரம் எங்குளது? இதனோடு மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில் வைத்த பொருளை ஒப்புநோக்குக. ஐம்புலன்களாகிய வேடரிடையே அகப்பட்டுத் தன்னை மறந்து வளர்ந்த அரசகுமாரனைப் போல்வது உயிர். அவன் வேடர்க்கு அடங்காது தன்மனம்போனவாறு திரிதலால் விடுதலையடைந்தானல்லன். நீ இன்னார் மகன் என்று உணர்த்துவார் உணர்த்த, உணர்ந்து தந்தையைச் சார்ந்தபொழுதே விடுதலையடைந்தான். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரினியல்பு ஆகலான், ஒன்றனையும் சாராது நிற்றல் அதற்கு இயலாது. ஆதலின் கேட்கவேண்டிய வினா, உயிர் எதனினின்று விடுபட வேண்டும் என்பதோடு, எதனைச் சார வேண்டும் என்பதுமாம். பின்னதனை நூல் கேட்கவில்லை.

பத்தாம் நியாயத்தில் மனிதனை வெறும் பொறியாகக் கருதும் கொள்கையை லேனியர் மறுத்தது போற்றத்தக்கது. ஆயினும் ஆன்மா இன்னதென்று வரையறுத்திலர். அறிவு, இச்சை, செயல் என்னும் மூன்றும் உயிர்க்கு இயல்பாயுள்ளன. மலத்தால் மறைக்கப்படுமேயன்றி அவை அழிக்கப்படா என்பது சித்தாந்தம். இவ்வேறுபாடு சொல்லளவினதன்று. சுதந்திரம் அழிந்துபடுவதாயின், அஃதிழந்தானை நோக்கி, நீக்குக என்று ஏவுதல் பயனின்றாம். மறைந்துள்ளதாயின், நூறுமுறை தவறினானும் நூற்றோராம் முறை முயலலாம். பழக்கத்திற் கட்டுண்டு தன்னை வெறுப்பார்க்கு இது பெருந்துணை.

மருந்தின் பகுதி இன்னுங் குறைவுடையது. கணக்கை நீக்குக, செய்தியையும் நட்பையும் வேறுவழியாற் பெறுக என்பர் லேனியர். நீக்கிய மறுநாள் கை தானே கைப்பேசியை நாடுமே, அதற்கென் செய்வது? இதற்கு விடை கால் நியூபோர்ட் என்பார் 2019ஆம் ஆண்டில் எழுதிய ‘டிஜிட்டல் மினிமலிசம்’ என்னும் நூலில் உளது. அவர் அழைப்பினை ஏற்று 1,600க்கு மேற்பட்டோர் முப்பது நாள் இன்றியமையாதன அல்லாதவற்றை விட்டிருந்தனர். பல்லைக் கடித்துக்கொண்டு வெறிதே விட்டிருந்தார் பலர் தோற்றனர். ஒழிந்த பொழுதில் நல்ல தொழிலும் நேர்முக உறவும் மேற்கொண்டார் பெரும்பாலும் வென்றனர். 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பொருளியலறிஞர் சிலர் நடத்திய சோதனையும் இதற்குத் துணையாம். நான்கு வாரம் பேஸ்புக்கை நிறுத்தியார்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 நிமிடம் மிஞ்சிற்று. மனநலம் சிறிது உயர்ந்தது. நாட்டுச் செய்தியறிவு சிறிது குறைந்தது. சோதனை முடிந்தபின்னும் அவர்கள் முன்போல அதனிடம் மீளவில்லை. ஊதியமும் இழப்பும் ஒருங்கு கூறும் இவ்வளவை, லேனியரின் மிகையுரையினும் நம்பத்தக்கது. ஒன்றனைப் பற்றியே பிறிதொன்றன் பற்றை விடவேண்டும் என்று திருவள்ளுவனார் துறவதிகாரத்து இறுதியில் வைத்த முறையும் இதுவேயாம்.

ஈண்டு ஒரு சாரார், யாங்கள் இவ்வூடகங்களிற் பரப்புவன திருமுறைப் பாடல்களும் திருக்கோயிற் காட்சிகளுமே. அவை எங்ஙனம் தீதாகும் என்பர். பொருள் தூயதே, அதனைப் பரப்பும் நெஞ்சே ஆராயத்தக்கது. தீபாராதனைப் பொழுதில் கண் திருமேனியில் நின்றதோ, கைக்கருவியில் நின்றதோ? பகிர்ந்தபின் நினைவு பாடற்பொருளிற் சென்றதோ, விருப்பங்களின் எண்ணிக்கையிற் சென்றதோ? 2022ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்து மதுரைக்கிளை, திருச்செந்தூர்க் கோயில் பற்றிய வழக்கில், தமிழகத் திருக்கோயில்களுட் கைப்பேசியைத் தடைசெய்ய உத்தரவிட்டது. நீதிமன்றம் வாயிலளவே காக்கும். வாயிலிற் கருவியை ஒப்படைத்தும், அதன்கண் வந்திருப்பது யாதோ என்னும் நினைவோடு வலம் வருவானை எந்நீதிமன்றம் தடுக்கும்?

ஆகவே, லேனியர் நூல் நோயறிதற்குக் கொள்ளத்தக்கது. காரணத்திற் பாதியும் மருந்திற் பெரும்பகுதியும் வேறிடத்துத் தேடத்தக்கன. விடக் கருதுவார் அப்பொழுது ஒழிந்த இடத்தை வெறிதே விடற்க. விழித்தெழுந்தவுடன் கை எதனை நாடுகின்றதோ அவ்விடத்துத் திருநீற்றுச் சம்புடத்தை வைக்க; விளக்கு வைக்கும் வேளையில் ஒரு பதிகத்தை வாய்விட்டு ஓதுக; திங்களுக்கொருமுறை கடிதமாகவோ நேரிற்சென்றோ அடியாரை வினவுக. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது கட்டுண்டார்க்கு அச்சம் தருவதுபோலவே, விடுபட விழைவார்க்கு நம்பிக்கையுந் தருவதாம்.