மணியொலிக்கும் மனையும் வெளியே நிற்பவளும்

குழவியை வரவேற்கும் சடங்குகள் மொழிக்கு மொழி பெயர் மாறினும் கருத்தில் பெரிதும் மாறுவதில்லை. ஐதராபாத்தில் வாழும் தமிழராகிய நாம் இதனை நன்கறிவோம். 1806-இல் படைமுகாமாகத் தோன்றிய சிகந்தராபாத், சென்னை மாகாணப் படைகளோடும் அவற்றைச் சார்ந்த தொழில்களோடும் தமிழர் வந்து குடியேறிய ஊராகும். இங்கே தெலுங்கர் இல்லங்களில் 11-ஆம் நாளோ 21-ஆம் நாளோ பாரசாலை நிகழ்கிறது. தெலங்கானத்தார் 'தொட்டெல' என்று அழைக்கும்போது நம் தொட்டிலே அச்சொல்லில் ஆடக் காண்கிறோம். இசுலாமிய அன்பர் இல்லங்களில் 7-ஆம் நாள் அகீகாவும், தாய்க்கு 40 நாள் சில்லாவும் உண்டு. நம் இல்லங்களில் காப்பிடுதலும் தொட்டிலிடுதலும் பெயர் சூட்டலும் உள்ளன. குழவியைக் காத்தல், பெயரிடுதல், ஊரறியச் செய்தல் ஆகிய மூன்றும் எங்கும் பொதுவே.

இவ்வரவேற்பினைப் பழந்தமிழ்ப் புலவர் எங்ஙனம் கண்டனர் என்னும் வினா எழும்போது, மேடைகளில் எடுத்துக் காட்டப்பெறுவது நற்றிணையின் 40-ஆம் பாட்டு. கோண்மா நெடுங்கோட்டனார் பாடியது அது. காவலுடைய மனையில் நெடிய நாவினையுடைய மணி ஒலிக்கிறது. மணல் பரப்பிய பந்தரில் பாணர் காவல் இருக்கின்றனர். அணிகலன் பூண்ட மகளிர், நற்சொல் கேட்க விரிச்சி நிற்கின்றனர். மணங்கமழும் துணி விரித்த மெல்லணையில் செவிலியோடு புதல்வன் உறங்குகிறான். ஐயவி அணிந்து நெய்யாடிய தாய் கண் மூடிக் கிடக்கிறாள். இவற்றை ஒன்று, இரண்டு என எண்ணி, 'பண்டைத் தமிழர் பண்பாட்டிற்கு இதனினும் சான்று வேண்டுமோ?' என்று முழங்கி அமர்வது நம் சொற்பொழிவாளர் வழக்கம்.

பட்டியல் பொய்யன்று, ஆனால் பாட்டு அதனோடு முடியவில்லை. இவற்றையெல்லாம் சொல்பவர் யார்? தாயல்லள், தோழியல்லள், விழாவிற்கு வந்த சுற்றத்தாரும் அல்லர். தலைவனின் பரத்தை பிறர் செவியிற் படும்படி உரைத்தது என்று துறைக்குறிப்புக் கூறுகிறது. குழவியை வரவேற்கும் மனையைத் தமிழில் இத்துணை நுணுக்கமாகத் தீட்டிய பழம்பாட்டு, அம்மனைக்குள் அடி வைக்க இயலாத ஒருத்தியின் வாய்மொழியாக அமைந்துள்ளது. இதனை விடுத்துச் சடங்குகளை மட்டும் எடுத்துக் கொள்வது, கனியை எறிந்து தோலைச் சுவைப்பதற்கு ஒப்பாகும்.

பாட்டின் சொல்லமைப்பு இதற்குத் துணை நிற்கிறது. மணி ஒலிக்க, மகளிர் நிற்ப, மகன் உறங்க, தாயின் இமை பொருந்த எனச் செயவென் எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வருகின்றன. வினைமுற்று எளிதில் வருவதில்லை. முடிவில் 'வந்தான்' என்னும் செய்தி வருகிறது. எவ்வாறு வந்தான்? நள்ளிரவில் கள்வனைப் போல. ஏன் வந்தான்? தன் தந்தையின் பெயரைத் தாங்கும் புதல்வன் பிறந்தமையால். மனைவியை விரும்பி வந்தானில்லை. பெயரன் அழைத்தமையால் வந்தான். பரத்தையின் சொல்லம்பு இங்கே தைக்கிறது. தன் வீட்டிற்குள் தானே கள்வனாக நுழையும் தலைவனை இதனினும் கூரிய சொல்லால் குத்திக் காட்ட இயலாது.

'இஃது ஏளனமே அன்றோ? இதில் துயரம் எங்கே?' எனச் சிலர் வினவலாம். ஏளனம் உண்டு. ஆனால், ஏளனம் செய்வதற்கு அணையின் மென்மையும் துணியின் மணமும் நெய் ஊறிய தாயின் உடலும் வேண்டுவதில்லை. அவள் அவ்வறையைக் கண்டிருக்க இயலாது. தன் கண் காணாத அறையை ஒருத்தி இத்துணைக் கனிவோடு மனத்துள் கட்டிப் பார்க்கிறாள் என்றால், அவ்வறை தனக்கு இல்லையே என்னும் ஏக்கம் அன்றி வேறென்ன? இகழ்ச்சியும் ஏக்கமும் ஒருங்கே நிற்பதுதான் இப்பாட்டின் பெருமை.

இதனோடு பெரியாழ்வார் திருமொழியை வைத்துப் பார்ப்போம். அங்கே கண்ணன் பிறந்ததும் ஆய்ப்பாடியே திரண்டு வருகிறது. எண்ணெயும் சுண்ணமும் கலந்து முற்றம் சேறாகிறது. 12-ஆம் நாள் ஆயர் குழவியை ஏந்தி மகிழ்கின்றனர். நற்றிணையில் காவலுடைய மனை. திருமொழியில் கதவே இல்லாத முற்றம். பின்வந்த பிள்ளைத்தமிழ் நூல்கள் காப்புப் பருவத்தில் தெய்வங்களையே காவலுக்கு அழைத்தன. மீனாட்சியம்மை போன்ற பெண்பாற் பிள்ளையையும் பாடிப் பெயரன் என்னும் எல்லையைக் கடந்தன. ஆயினும், வெளியே நிற்பவளின் குரல் இவற்றில் ஒலிக்கவில்லை. அதனை நற்றிணைப் புலவரே காத்துத் தந்தார்.

இன்று நம் நகரில் தொட்டில் விழாக்கள் மண்டபங்களில் சிறப்புற நடைபெறுகின்றன. அயல்வீட்டுத் தெலுங்கரையும் உருது பேசும் நண்பரையும் மனமுவந்து அழைக்கிறோம், இது போற்றத்தக்கது. ஆனால், தொட்டிலில் பிள்ளையை இடும் வேளையில், கணவனை இழந்த அத்தையும் மகப்பேறில்லாத சித்தியும் தாமே பின்வரிசைக்கு ஒதுங்குவதை நாம் காணாமல் இருப்போமா? எவரும் அவர்களை விலக்குவதில்லை; எவரும் அழைப்பதுமில்லை. மொழி கடந்து அழைக்கத் தெரிந்த நமக்கு, நம் வீட்டுக்குள்ளே பத்தடி தொலைவில் நிற்பவரை அழைக்கத் தெரியவில்லை.

நற்றிணையை மேடையில் முழங்குவோர் அப்பாட்டின் மணியோசையை மட்டும் கேளாது, அதனைத் தெருவில் நின்று கேட்டவளையும் எண்ணுதல் வேண்டும். அத்தையின் கையில் பிள்ளையைக் கொடுத்து முதற்பெயரை அவர் வாயால் சொல்லச் செய்வோமாயின், பழம்பாட்டைக் கற்ற பயனை ஓரளவேனும் எய்தியவராவோம்.