காட்ட முடியாததை யாரிடம் தருவது

உரை உலாவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தையும் எளிமையையும் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டும் உண்மைதான், ஆனால் தரத்தை அளக்க அவை போதா. எழுத்தை மட்டும் காட்டத் தெரிந்த ஒரு நிரல், பிடிஎஃப் ஒன்றோ படம் ஒன்றோ எதிர்ப்படும்போது என்ன செய்கிறது என்பதில்தான் அதன் வடிவமைப்பு வெளிப்படும். எந்தக் கோப்பு வகைக்கு எந்த வெளி நிரல் என்று பயனர் எழுதிவைக்கும் விதி, அதை உலாவி படிக்கும் முறை, வெளி நிரல் வேலையை முடித்ததும் வாசகர் வந்து நிற்கும் இடம் ஆகிய மூன்றையும் கொண்டு லின்க்ஸ், ஈலிங்க்ஸ், டபிள்யூ3எம் என்ற மூன்று உலாவிகளை எடைபோடலாம்.

மூன்றும் ஏற்றுக்கொள்ளும் பொது இலக்கணம் மெயில்கேப். கோப்பு வகைகளுக்குப் பெயரிடும் மைம் தரத்தை 1992இல் நெட் ஃப்ரீடுடன் சேர்ந்து வகுத்த நத்தானியேல் போரன்ஸ்டீன்தான், 1993 செப்டம்பரில் ஆர்எஃப்சி 1524 என்ற எண்ணில் இதையும் வெளியிட்டார். மின்னஞ்சல் இணைப்புகளுக்காகப் பிறந்தது, உலாவிகளுக்கும் பொருந்திப்போனது. ஒரு வகைக்கு ஒரு வரி: முதலில் கோப்பு வகை, பிறகு ஓடவேண்டிய கட்டளை, அதன்பின் சில கொடிகள். இந்தக் கொடிகளில்தான் வகுத்தவரின் கூர்மை தெரிகிறது. ‘நீட்ஸ்டெர்மினல்’ என்றால் அந்த நிரலுக்கு முனையமே வேண்டும், உலாவி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ‘கோப்பியஸ்அவுட்புட்’ என்றால் நிரல் நீளமாக உரையைக் கொட்டும், அதைப் பக்கம் பக்கமாகக் காட்டுவது அழைத்தவர் பொறுப்பு. வெளி நிரல் திரையை எடுத்துக்கொள்கிறதா, திரைக்கு எதையாவது திருப்பித் தருகிறதா என்ற இந்தப் பாகுபாட்டை வேறு பல அமைப்புகள் யோசிக்கவே இல்லை.

குறையும் அதே எளிமையிலிருந்துதான் வருகிறது. மெயில்கேப் வெளி நிரலுக்குக் கோப்பைத் தருகிறது, முகவரியைத் தருவதில்லை. முழுதும் இறங்கி முடிந்த பிறகே கட்டளை ஓடும். பத்துப் பக்கக் கட்டுரைக்கு அது பொருட்டல்ல, இரண்டு மணி நேர வீடியோவுக்கு அந்த முறையே தவறு.

லின்க்ஸ் மூன்றிலும் மூத்தது. 1992இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதன் ஆற்றல் பரப்பில் இருக்கிறது: கோப்பு நீட்சியை வகையோடு இணைக்க ஒரு கட்டளை, வகையை நிரலோடு இணைக்க இன்னொன்று, போதாததற்கு முகவரியையே வெளி நிரலிடம் நீட்டும் ‘எக்ஸ்டர்னல்’ என்ற வசதி. தொகுக்கும்போது இதைச் சேர்த்திருந்தால், இணைப்பின் மீது நின்று ஒரு விசை அழுத்தினால் போதும், வீடியோவை ஓட்டும் நிரல் முகவரியை வாங்கிக்கொண்டு தன் வழியில் போகும். மெயில்கேப் விட்ட இடத்தை நிரப்பும் இந்த வசதி லின்க்ஸின் உண்மையான சாதனை. ஆனால் ஒருமை இல்லை. லின்க்ஸின் சொந்த அமைப்புக் கோப்பில் எழுதிய விதியை, கணினி முழுமைக்கும் பொதுவாக இருக்கும் மெயில்கேப் மீறிவிடும். அதை வீட்டு அடைவில் உள்ள சொந்த மெயில்கேப் மீறும். பயனர் லின்க்ஸுக்கென்றே தனியாக எழுதிய சொல், எல்லாருக்கும் பொதுவான சொல்லைவிடக் கீழே கிடக்கிறது. குறிப்பானது பொதுவானதை வெல்ல வேண்டும் என்பது அமைப்புக் கோப்புகளின் அரிச்சுவடி. லின்க்ஸ் அதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. ஆவணத்தில் இந்த வரிசையை ஒளிவில்லாமல் எழுதியிருக்கிறார்கள் என்பது நேர்மைக்குச் சான்று, வடிவமைப்புக்கு நியாயம் ஆகாது.

பழைய நிரலுக்கே உரிய இன்னொரு ஊகமும் உண்டு. டிஸ்ப்ளே என்ற சூழல் மாறி இருந்தால்தான் சாளரச் சூழல் உண்டு என்று லின்க்ஸ் முடிவு செய்கிறது. அந்த மாறியை அமைக்கும் எக்ஸ்வேலண்ட் இல்லாமல், வேலண்ட் என்ற சாளர அமைப்பு மட்டும் ஓடும் கணினியில், சாளரங்கள் கண்முன் திறந்திருக்கும்போதே சாளரச் சூழல் இல்லை என்று சொல்லிவிடும்.

ஈலிங்க்ஸ், லிங்க்ஸ் என்ற செக் நாட்டு உலாவியிலிருந்து பெட்ர் பாவுடிஷ் 2001இல் பிரித்தெடுத்தது. இங்கே நீட்சியிலிருந்து வகை, வகையிலிருந்து கையாளுநர் என்று பயனர் வைத்த ஒரு பெயர், அந்தப் பெயரிலிருந்து சூழலுக்கேற்ற கட்டளை என்று படிகள் இறங்குகின்றன. ஒரே ஒரு ஜேபெக் படத்தைத் திறக்க இத்தனை வரிகளா என்று கேட்கத் தோன்றும், கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் கடைசிப் படியில் இரண்டு விவரங்களை ஈலிங்க்ஸ் வெளிப்படையாகக் கேட்கிறது: திறக்கும் முன் பயனரிடம் கேட்க வேண்டுமா, நிரல் ஓடி முடியும்வரை முனையம் காத்திருக்க வேண்டுமா. வலையிலிருந்து வந்த கோப்பை எடுத்து ஒரு நிரலை ஓட்டுவது சிறிய செயல் அல்ல. அந்த முடிவைப் பயனர் கையில் வைத்த இந்த அக்கறையை மற்ற இரண்டிலும் காணோம்.

டபிள்யூ3எம் ஜப்பானில் அகினோரி இட்டோ எழுதியது. சொந்த இலக்கணம் எதையும் வகுக்காமல் மெயில்கேப்பையே முதன்மையாகக் கொண்டது. அதில் சேர்த்தது ஒரே ஒரு கொடி: வெளி நிரல் தருவது எச்டிஎம்எல் என்று சொல்லும் ‘எக்ஸ்-எச்டிஎம்எல்அவுட்புட்’. மாற்றம் சிறியது, விளைவு பெரியது. ஒரு வேர்ட் கோப்பை பாண்டாக் என்ற மாற்றி நிரல் எச்டிஎம்எல் ஆக்கித் தந்தால், டபிள்யூ3எம் அதைத் தன் பக்கமாகவே காட்டும். தலைப்புகள் தலைப்புகளாக நிற்கும், இணைப்புகளைத் தொடரலாம், தேடலாம், முந்தைய பக்கத்துக்குத் திரும்பலாம். வேலையை வெளியே ஒப்படைப்பதோடு அது நிற்பதில்லை. டபிள்யூ3எம் விளைவைத் திரும்ப வாங்கி வாசிப்புக்குள் வைக்கிறது. ஆர்எஃப்சி விரிவாக்கத்துக்கென்று ஒதுக்கிய எக்ஸ் முன்னொட்டையே பயன்படுத்தியிருப்பதால் விதி மீறலும் இல்லை. மற்ற நிரல்கள் அந்தக் கொடியைப் புறக்கணித்து வெற்றுக் குறிகளைத் திரையில் கொட்டலாம். ஆகவே இந்த வரிகளைத் தனி மெயில்கேப்பில் வைப்பதே முறை, டபிள்யூ3எம் அதற்கு இடம் தருகிறது.

விதி எழுதுவதில் எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பதற்கு ஒரு பிடிஎஃப் வரியே போதும். பிடிஎஃப்டுடெக்ஸ்ட் கட்டளை, கோப்பின் பெயர், கடைசியில் ஓர் ஒற்றைக் கோடு, பிறகு கோப்பியஸ்அவுட்புட் கொடி. அந்தக் கோட்டை விட்டுவிட்டால் நிரல் உரையைத் திரைக்கு அனுப்பாது, தற்காலிகக் கோப்பின் பக்கத்தில் இன்னொரு கோப்பாக எழுதிவைக்கும். உலாவி வெற்றுப் பக்கத்தைக் காட்டும், பிழைச்செய்தி எதுவும் வராது. தமிழ் பிடிஎஃப்களுக்குச் சிக்கல் இன்னும் ஆழம்: கொம்புகள் எழுத்துக்கு முன்னால் போய் நிற்கும், பழைய எழுத்துருவில் அமைந்தவை வாசிக்கவே முடியாத குறிகளாக வரும். மெயில்கேப் வகையை மட்டும் பார்க்கிறது, உள்ளே இருக்கும் மொழியை அறியாது. தமிழ் வாசகர் இந்த ஒரு வகைக்காவது சாளரத்தில் திறக்கும் நிரலையே முதலில் எழுதிவைப்பது நல்லது.

மெயில்கேப்பின் மிகக் கடுமையான குறை பாதுகாப்பில். கட்டளை ஷெல்லிடம் போகிறது. வலையிலிருந்து வரும் கோப்பின் பெயரும் வகையின் துணை விவரங்களும் அதற்குள் செருகப்படுகின்றன. அவற்றில் ஷெல்லுக்குப் பொருள் தரும் குறிகள் இருந்தால், தடுப்பது யார் பொறுப்பு? ஆர்எஃப்சி ஆபத்தை அறிந்திருக்கிறது, பொறுப்பைத் தெளிவாகப் பிரிக்கவில்லை. சில நிரல்கள் தாமே மேற்கோள் குறி இடுகின்றன, சில இடுவதில்லை. கவனமான பயனர் தானும் இட்டால், இரண்டும் மோதி ஒன்றையொன்று நீக்கிவிடலாம். எச்சரிக்கையே ஓட்டையாகிற நிலை இது. மட் என்ற அஞ்சல் நிரலின் கையேடு, கோப்பின் பெயருக்கு மேற்கோள் இடவேண்டாம் என்று தனிப் பகுதியே எழுதி எச்சரிக்கிறது. டெபியன் லினக்ஸின் ரன்-மெயில்கேப் நிரலில் 2014இல் வெளிவந்த ஓட்டை கோப்பின் பெயர் வழியாகவே வந்தது. இதே வகைக் குறைக்கு ஆளான பைத்தானின் மெயில்கேப் தொகுதி 3.13ஆம் பதிப்பில் நீக்கப்பட்டேவிட்டது. முப்பது ஆண்டுகளாக ஒரே இடத்தில் தடுக்கி விழுவதை எழுதியவர்களின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. குறை தரத்திலேயே இருக்கிறது.

என் தீர்ப்பில் டபிள்யூ3எம் முதலிடம் பெறுகிறது. வெளி நிரலை வாசிப்பின் உறுப்பாக ஆக்கியது அது. முகவரியை ஒப்படைக்கும் வேலையில் லின்க்ஸுக்குரிய மதிப்பு குறையாது, ஆனால் அதன் முன்னுரிமை வரிசையை ஏற்க முடியாது. ஈலிங்க்ஸ் சொல்வளம் மிகுந்து சுருக்கம் இழந்தது. இருந்தும் கேட்டுத் திறக்கும் அதன் முறை வகைவாரியாக டபிள்யூ3எம்முக்கு வந்தால், அந்த உலாவி மீது எனக்குள்ள பெரிய ஆட்சேபம் நீங்கும். மேற்கோள் குறிச் சிக்கல் அப்போதும் அப்படியே நிற்கும். ஷெல்லை நடுவில் வைக்காமல் நிரலின் பெயரையும் கோப்பின் பெயரையும் தனித்தனியே தரும் புதிய விதி ஒன்றைத்தான் அதற்குக் கேட்க வேண்டும்.