தேதி இருக்கட்டும், மாத்திரை வேண்டாம்

தருமபுரி மாவட்டத்தில் மூத்திரக் குழாயோடு மாதக்கணக்கில், சில வீடுகளில் வருடக்கணக்கில், வாழ்பவர்களைச் சுற்றி ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. மாதம் ஒரு முறை குழாயை மாற்றுகிறார்கள். மாற்றிய கையோடு, காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை. பக்கவாதத்தில் படுத்தவர், ப்ராஸ்டேட் வீங்கி மூத்திரம் அடைத்த பெரியவர், புளி உலுக்க மரமேறி விழுந்து முதுகெலும்பு முறிந்தவர், தொப்பூர் கணவாயில் வண்டி கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர், பெங்களூரில் சாரத்திலிருந்து விழுந்து ஊர் திரும்பிய கட்டடத் தொழிலாளி, யாராக இருந்தாலும் பெரும்பாலும் இதே நடைமுறைதான்.

இந்த வழக்கத்துக்குள் இரண்டு செயல்கள் இருக்கின்றன. தேதி வைத்துக் குழாய் மாற்றுவது ஒன்று, கூடவே மாத்திரை கொடுப்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாக எடைபோட வேண்டும். முதலாவதை உலக வழிகாட்டிகள் அவ்வளவாக ஏற்பதில்லை, ஆனால் நம் ஊர் நிலைமைக்கு அது பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். இரண்டாவது நோயாளியைக் காப்பதுபோலத் தோன்றி, அவருக்கு நாளை தேவைப்படும் மருந்தை இன்றே செல்லாததாக்கிவிடுகிறது.

1930களில் அமெரிக்க மருத்துவர் ஃப்ரெடெரிக் ஃபோலி வடிவமைத்த பலூன் குழாய்தான் சிறு மாற்றங்களோடு இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. சிறுநீர்ப்பைக்குள் பலூனை நீரால் நிரப்பியதும் குழாய் வெளியே நழுவாது. ஆனால் வெளியுலகிலிருந்து சிறுநீர்ப்பைக்கு நிரந்தரமாக ஒரு வழி திறந்துவிடுகிறது. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பேருக்குச் சிறுநீரில் புதிதாகக் கிருமி சேர்கிறது. ஒரு மாதத்தில் ஏறத்தாழ எல்லோருக்கும் சேர்ந்துவிடும். கிருமிகள் குழாயின் சுவரில் வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கின்றன. மாத்திரை சிறுநீரில் மிதக்கும் கிருமிகளைக் கொல்லும், படலத்துக்குள் இருப்பவற்றை முழுதாக எட்டாது. குழாய் உள்ளவரை சிறுநீரைக் கிருமியில்லாமல் வைப்பது நடக்காத காரியம். கிருமி இரத்தத்தில் ஏறாமல், காய்ச்சலாகவும் சிறுநீரக நோயாகவும் மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் நம்மால் ஆகக்கூடியது.

கிருமி குடியிருப்பதும் தொற்று நோயும் வேறுவேறு என்பது வீட்டாருக்குச் சொல்லப்படுவதே இல்லை. பையில் சிறுநீர் கலங்கலாக இருந்தால், நாற்றம் அடித்தால், பரிசோதனைச் சீட்டில் 'பஸ் செல்ஸ்' (சீழ் அணுக்கள்) அதிகம் என்று வந்தால் உடனே மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள். நாள்பட்ட குழாய் உள்ளவருக்கு இவை மூன்றுமே எப்போதும் இருக்கக்கூடியவை. மலச்சிக்கல் உள்ள முதியவர்களுக்குச் சில சமயம் பை முழுவதும் ஊதா நிறமாக மாறும். பார்க்கப் பயமாக இருந்தாலும், சில கிருமிகள் சிறுநீரில் உள்ள ஒரு பொருளைச் சிதைப்பதால் வரும் நிறம்தான் அது. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்கத்தில் வலி, திடீரென்று ஆள் குழம்பிப் பேசுவது, இவைதான் பொருட்படுத்த வேண்டிய அறிகுறிகள். முதுகெலும்பு அடிபட்டவர்களுக்கு வலி தெரியாமல் போகலாம். கால்கள் வழக்கத்தைவிட அதிகமாக வெட்டி இழுப்பதே அறிகுறியாக இருக்கக்கூடும். நெஞ்சின் நடுமட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீர்த் தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால், குழாய் அடைத்து இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். அவரை உட்கார வைத்து, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, அடைப்பு நீங்காவிட்டால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

காரணமில்லாமல் கொடுக்கும் மாத்திரையைத் தொற்றுநோய் மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டிகளும், 2009-இல் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் தந்த வழிகாட்டியும் ஏற்கவில்லை. எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. 2018-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், தாங்களே அவ்வப்போது குழாய் செலுத்திக்கொள்ளும் 404 பேரில் ஒரு பகுதியினருக்கு ஓராண்டு முழுக்கச் சிறிதளவு ஆன்டிபயாடிக் தினமும் கொடுத்தார்கள். தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் அவர்களிடம் கிடைத்த கிருமிகளில் டிரைமெத்தோபிரிம் என்ற மருந்துக்கு மசியாதவை, மருந்து சாப்பிடாதவர்களிடம் இருந்ததைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டன. அவ்வப்போது செலுத்தி எடுக்கும் குழாயிலேயே இப்படியென்றால், எந்நேரமும் படலம் கட்டிக் கிடக்கும் குழாயில் லாபம் குறைவாகவும் நட்டம் அதிகமாகவும் இருக்கும் என்றே எதிர்பார்க்க வேண்டும்.

அந்த நட்டம் நம் மாவட்டத்தில் எப்படி வந்து விடியும் என்று யோசித்துப் பாருங்கள். மாத்திரைக்கு மசியாத கிருமிக்கு நரம்பு வழியே ஊசிதான் போட வேண்டும், சில மருந்துகள் ஒரு நாளைக்கு மூன்று வேளை. சித்தேரி மலையிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ எழுந்து நடக்க முடியாத ஒருவரைக் கீழே கொண்டுவந்து ஒரு வாரம், பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருக்க வேண்டும். கூட இருப்பவருக்கு அத்தனை நாள் கூலியும் போகும். மேல்நிலை ஆன்டிபயாடிக்குகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று எச்1 அட்டவணை 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் தவறான மாத்திரை மருத்துவரின் சீட்டோடு வரும்போது அந்தச் சட்டத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

விதிவிலக்கு உண்டு. முந்தைய தடவை குழாய் மாற்றியபோது இரத்தம் வந்தவர், மாற்றியபின் குளிர் காய்ச்சல் கண்டவர் ஆகியோருக்கு மருத்துவர் மருந்து கொடுப்பதில் பொருள் இருக்கிறது. உண்மையிலேயே காய்ச்சல் வந்துவிட்டால் மருந்து கட்டாயம், தாமதிக்கவே கூடாது. அப்போதும் ஒரு முறை இருக்கிறது. குழாய் இரண்டு வாரத்துக்கு மேல் பழையதென்றால் முதலில் அதைக் கழற்றிப் புதிதாகப் போட்டு, புதுக் குழாயில் வரும் சிறுநீரைக் கல்சருக்கு எடுத்து, அதன்பிறகு முதல் வேளை மருந்தைத் தொடங்க வேண்டும். பையில் தேங்கியதை எடுத்து அனுப்பினால் குழாய்ச் சுவரில் இருக்கும் கிருமிகளின் பட்டியல்தான் வரும், நோய்க்குக் காரணமான கிருமி அதில் அடையாளம் தெரியாமல் போகும்.

இனி தேதி. அந்த 2009 வழிகாட்டி, நாள் குறித்துக் குழாய் மாற்றாதீர்கள், அடைத்தாலோ தொற்று வந்தாலோ மாற்றுங்கள் என்கிறது. அடைப்பதைக் கவனிக்கத் தெரிந்த செவிலியர் பக்கத்திலேயே இருக்கும் இடத்துக்கு அது சரி. இங்கே தேதி இல்லையென்றால் குழாய் மறந்தே போகும். மறந்த குழாயில் பலூனைச் சுற்றிக் கல் படிந்து, இழுத்தாலும் வராமல் அறுவைச் சிகிச்சை வரை போன நோயாளிகளை மருத்துவ இதழ்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. மலிவான ரப்பர் குழாய் மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் தாங்காது. முழுச் சிலிக்கான் குழாய் பன்னிரண்டு வாரம் வரை இருக்கலாம். ஆகவே தேதி நல்லதுதான், எல்லோருக்கும் ஒரே தேதி என்பதுதான் குறை. சிலருக்குப் பத்தே நாளில் அடைக்கும். அவர்களின் சிறுநீரில் பெரும்பாலும் ப்ரோடியஸ் என்ற கிருமி இருந்து, சிறுநீரைக் காரமாக்கி, உப்பைக் குழாய்க்குள் படிய வைக்கிறது. இரண்டு மூன்று குழாய்கள் எத்தனை நாளில் அடைத்தன என்று ஒரு நோட்டில் எழுதினாலே அவருக்கான கெடு தெரிந்துவிடும், அதற்கு இரண்டு நாள் முன்னதாக மாற்றிவிடலாம்.

மாற்றுகிற நாள் ஒன்று, மீதி நாட்களில் குழாய் வீட்டாரின் கையில். மருத்துவமனையில் கொடுக்கும் அறிவுரை முழுவதும் கட்டிலை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. யூரின் பேக் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது என்பார்கள். பாயில் படுத்திருப்பவருக்கு இந்த இரண்டில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது. பை அவருக்குச் சமமாகத் தரையில் கிடக்கும், நள்ளிரவில் தேங்கிய சிறுநீர் உள்ளேயே திரும்பும். தொற்றைத் தடுக்க ஒரு மாதச் செலவில் எதை வாங்குவது என்று கேட்டால், மாத்திரைக்கு முன்னால் ஒரு கயிற்றுக் கட்டிலைத்தான் சொல்வேன். பழைய வீட்டில் திண்ணை இருந்தால் அதுவும் போதும், பை ஓரத்தில் தாழ்ந்து தொங்கும். இரண்டும் இல்லாத இடத்தில் மெத்தையை உயர்த்திப் போட்டு, பையை ஒரு சுத்தமான பிளாஸ்டிக் தட்டில் வைத்து, பாதிக்கு மேல் நிரம்ப விடாமல் அடிக்கடி காலி செய்யலாம்.

ஷேர் ஆட்டோவில் ஏற்றும்போது கூட வருபவர் பையைக் குளுக்கோஸ் பாட்டில்போல உயரத் தூக்கிப் பிடிப்பதை ஆஸ்பத்திரி வாசலில் பார்க்கலாம். அந்த ஒரு நிமிடத்தில் பழைய சிறுநீர் முழுவதும் உள்ளே இறங்கிவிடும். காலி செய்துவிட்டுத் தூக்கினால் இந்தக் கேடு இல்லை. குளிக்க வைக்க, கல்யாணத்துக்குக் கூட்டிப் போக என்று பையைக் கழற்றிக் குழாய் வாயை எதையாவது வைத்து அடைப்பதும் நடக்கிறது. குழாயும் பையும் பிரியாமல் இருந்தால் கிருமி சேர்வது வெகுவாகத் தள்ளிப்போகும் என்று கால்வின் குனினும் அவருடைய சக மருத்துவரும் 1966-இலேயே காட்டினார்கள். அதைவிடப் பெரிய முன்னேற்றம் குழாய்ப் பராமரிப்பில் அதன்பிறகு வந்ததாகச் சொல்வது கடினம். பெட்டாடின் போட்டு உள்ளே கழுவுவதால் தொற்று குறைவதில்லை. குழாய் நுழையும் இடத்துக்குத் தினமும் சோப்பும் தண்ணீரும் போதும். பெண்களுக்கு முன்னாலிருந்து பின்னால் துடைக்க வேண்டும். ஆண்களுக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவியதும் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் அது இறுகி வீங்கி வேறொரு அவசரமாகிவிடும். பையைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கை கழுவுவதும், குழாயைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு இழுபடாமல் நிறுத்துவதும் காசு அதிகம் கேட்காத காரியங்கள்.

'நிறையத் தண்ணீர் குடிங்க' என்ற அறிவுரையைத் தருமபுரியில் அப்படியே விட்டுவிட முடியாது, எந்தத் தண்ணீர் என்றும் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃப்ளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்து, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. கிருமித் தொற்றுக்கும் ஃப்ளோரைடுக்கும் தொடர்பில்லை. ஆனால் சிறுநீரகம் பழுதானவர் உடம்பில் ஃப்ளோரைடு அதிகமாகத் தங்கும். அப்படிப்பட்டவரைத் தினமும் மூன்று லிட்டர் போர்த் தண்ணீர் குடிக்கச் சொல்வது ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கெடுப்பதாகும். ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைப்பதில் படுத்திருப்பவரின் பங்கு முதலில் ஒதுக்கப்பட வேண்டும். பார்லி கஞ்சி, நீர்மோர், வாழைத்தண்டுச் சாறு என்று வீட்டில் கொடுப்பவை எல்லாம் தண்ணீராகப் பயன்படுகின்றன, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். எலுமிச்சைச் சாற்றுக்கு மட்டும் கூடுதல் நியாயம் உண்டு. அதிலுள்ள சிட்ரேட் குழாய்க்குள் உப்புப் படிவதைத் தள்ளிப்போடுகிறது என்று பிரிட்டனில் டேவிட் ஸ்டிக்லர் குழுவினர் கண்டார்கள். சர்க்கரை போடாமல் கொடுக்கலாம். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு குடிப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். களி, கீரை என்று மலம் இளகும்படி சாப்பிடுவதும் உதவும். இறுகிய மலம் குழாயை அழுத்தி ஓட்டத்தைத் தடுக்கும்.

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள், 2004 வரை இதே மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்த வீடுகளுக்கு வந்த மிகப் பெரிய நன்மை. வலி தணிப்புச் செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வருகிறார்கள், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாசலுக்கு வருகிறது. சர்க்கரை கட்டுக்குள் இருப்பதே தொற்றுக்கு எதிரான பாதி வேலை. ஆனால் ஒரு வட்டாரம் முழுவதையும் சுற்றும் செவிலியருக்குக் குழாயை மாற்றவே நேரம் சரியாக இருக்கும். அன்றாடம் பையைக் காலி செய்வது மனைவியோ மருமகளோ மகளோதான். அவர்களைக் கையோடு உட்கார வைத்துச் செய்து காட்டச் சொல்வதற்கு ஒரு வருகையை முழுதாக ஒதுக்க வேண்டும். 1993-இல் கோழிக்கோட்டில் சிறிய அளவில் தொடங்கி, 2008-இல் மாநிலக் கொள்கையாகவே ஆன கேரளத்தின் வலி தணிப்பு இயக்கம் அக்கம்பக்கத்தாரைப் பயிற்றுவித்து இதைத்தான் செய்தது. நம் திட்டத்திலும் மகளிர் தன்னார்வலர்கள் தெருத்தெருவாக இருக்கிறார்கள். குழாய் எப்போது அடைக்கும், எது காய்ச்சல் அறிகுறி என்பதை அவர்களுக்குச் சொல்லித்தந்தால் போதும்.

இவ்வளவுக்கும் மேலாக ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: இவருக்கு இந்தக் குழாய் இன்னும் வேண்டுமா? பக்கவாதம் வந்த வாரத்தில் போட்ட குழாய், ஆறு மாதம் கழித்து அவர் கைத்தாங்கலாக நடக்கும்போதும் அப்படியே இருக்கிறது. வீட்டாருக்கு வசதி, எடுக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. ப்ராஸ்டேட் அடைப்புக்குச் சில நாள் டாம்சுலோசின் கொடுத்து எடுத்துப் பார்த்தால் பலருக்குத் தானாகவே போகும், போகாதவரை அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பலாம். அடைப்பில்லாமல் தெரியாமல் கசியும் ஆண்களுக்கு ஆணுறைபோல மாட்டும் வெளிக்குழாய் போதும். முதுகெலும்பு அடிபட்டு, கைகள் நன்றாக இருப்பவர் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை தானே குழாய் செலுத்தி எடுக்கலாம். 1972-இல் மிச்சிகனைச் சேர்ந்த ஜாக் லாப்பிடஸ் இதற்குக் கிருமி நீக்கிய அறை தேவையில்லை, சுத்தமான கையும் கழுவிய குழாயும் போதும் என்று காட்டியபிறகு உலகம் முழுவதும் இந்த முறை பரவியது. தானே முடங்கிய கால்களோடு பணியாற்றிய மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-இல் வேலூர் சி.எம்.சி.யில் உருவான மறுவாழ்வு மையம்போன்ற இடங்களில் இதைச் சொல்லித்தருகிறார்கள். தருமபுரியிலிருந்து வேலூர் எட்டாத தூரமில்லை. எட்டுவதற்குக் குறுக்கே நிற்பது மறைவான கழிப்பறை, ஓடும் தண்ணீர், கற்றுக்கொள்ளும் வரை தங்கப் பணம் ஆகிய மூன்றும் இல்லாததுதான்.

குழாய் போட்ட அன்றே வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் மருந்துப் பட்டியலுக்கு மேலே இரண்டு வரி எழுதச் சொல்வேன்: எதற்காகப் போட்டது, எந்தத் தேதியில் எடுத்துப் பார்ப்பது. அடுத்த மாதம் வீட்டுக்கு வரும் செவிலியர் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். தேதி தாண்டியிருந்தால், புதுக் குழாயைப் பிரிப்பதற்கு முன் மருத்துவருக்கு ஒரு போன் செய்யலாம்.