செப்பனிட்ட படமும் மறைந்த பெருவிரலும்

பழைய புகைப்படங்களைச் செப்பனிடும் தொழில் இன்று கணினியின் துணையால் பெருகியிருக்கிறது. அதனோடு ஒரு புதிய காட்சி முறையும் வந்திருக்கிறது. பழுதுற்ற மூலப்படமும் செப்பனிட்ட படமும் ஒரே அளவில் ஒன்றன்மேலொன்றாகப் பொருத்தப்படுகின்றன. நடுவே ஒரு செங்குத்துக் கோடு. பார்ப்பவர் அக்கோட்டை விரலால் இடமும் வலமும் நகர்த்த, ஒரு பக்கம் கீறலும் மங்கலும், மறுபக்கம் தெளிந்த முகமும் தோன்றுகின்றன. 'முன்', 'பின்' என்ற இரு சொற்கள் மட்டும் மூலைகளில் நிற்கின்றன. இதனைப் பலர் வெறும் வேடிக்கையாகவே கருதுகின்றனர். ஆயின், கடந்த காலத்தைப் பற்றி மக்கள் எதனை நம்புவது என்ற கேள்வி இதனுள் அடங்கியிருத்தலால், விமர்சகன் இதனை அலட்சியஞ் செய்தல் இயலாது.

இம்முறையின் கவர்ச்சி யாது? பார்ப்பவனின் கையிலேயே அதிகாரம் இருப்பதுபோன்ற தோற்றமே அது. கோட்டை நகர்த்துபவன் அவன்தான். ஆனால், அக்கோட்டின் இருபுறமும் எப்படங்கள் நிற்கவேண்டுமென்று முன்னரே முடிவுசெய்தவன் வேறொருவன். சவர்க்கார விளம்பரத்தில் அழுக்குத் துணிக்கு அருகே வெள்ளைத் துணியை வைப்பதுபோல, 'முன்' என்பது குறையென்றும் 'பின்' என்பது நிறைவென்றும் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. மூலப்படத்தைச் சற்று இருட்டாக்கிக் காட்டினால் போதும், செப்பனிட்டவரின் திறமை இருமடங்காகத் தோன்றும்.

செப்பனிடுதல் என்ற ஒரே பெயருக்குள் இருவேறு தொழில்கள் மறைந்திருக்கின்றன. கீறலை நிரப்புவதும், தூசியை நீக்குவதும், மங்கிய சாயலை மீட்பதும் ஒன்று. இவற்றிற்குப் படத்திலேயே ஆதாரம் உண்டு. கீறலின் இருபக்கமும் உள்ளது இடையில் இருந்ததைச் சொல்லிவிடும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணமேற்றுவதும், சிதைந்த முகத்துக்குக் கண்ணும் உதடும் வரைவதும் மற்றொன்று. சேலையின் நிறம் யாதென அப்படம் கூறாது. முகத்தைத் தெளிவாக்கும் பொறியோ, தான் பயின்ற ஆயிரக்கணக்கான பிற முகங்களைக் கொண்டு ஒரு முகத்தை ஊகிக்கிறது. முன்னது மீட்பு; பின்னது புனைவு. நகரும் கோடு இவ்விரண்டையும் ஒரே 'பின்'னுக்குள் அடக்கிவிடுகிறது.

படத்தைத் திருத்தும் ஆசை கணினியோடு பிறந்ததன்று. 1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிப்போமோ என்னுமிடத்தில், பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமில் டொரோதியா லாங் எடுத்த 'புலம்பெயர் தாய்' உலகறிந்த படம். மூலப்படத்தின் வலப்பக்கக் கீழ்மூலையில், கூடாரக் கம்பத்தைப் பற்றிய அத்தாயின் பெருவிரல் தெரிகிறது. படத்தின் அமைப்பைக் கெடுப்பதாகக் கருதி, லாங் பின்னர் நெகட்டிவில் அதனை மறைப்பித்தார். முகத்தின் துயரம் நிலைத்தது. உழைக்கும் கையின் விரலோ மாசென்று கழிக்கப்பட்டது. ஏழை மக்களிடம் உண்மையான பரிவுகொண்ட ஒரு கலைஞரே இவ்வாறு செய்தாரெனில், அழகு என்ற அளவுகோல் எத்துணை வலியது என்பது விளங்கும். திருத்துமுன் எடுத்த படியொன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பேணப்பட்டதனாலேயே இன்று நாம் அவ்விரலைக் காண்கிறோம்.

இதனினும் கொடியது 2021 ஏப்ரலில் நிகழ்ந்தது. கம்போடியத் தலைநகர் புனோம்பென்னில், பள்ளிக்கூடமாயிருந்த துவோல் ஸ்லெங், 1975க்குப் பின் கெமர் ரூஜ் ஆட்சியின் சித்திரவதைச் சிறையாயிற்று. 1979 வரை 12,000க்கும் மேற்பட்டோர் அங்கே அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். கைதிகள் ஒவ்வொருவரையும் சிறையதிகாரிகளே படமெடுத்து வைத்தனர். அப்படங்கள் சிலவற்றுக்கு அயர்லாந்துக் கலைஞர் ஒருவர் வண்ணமேற்றினார்; 'வைஸ்' என்ற ஏடு அவற்றைப் பேட்டியுடன் வெளியிட்டது. மூலப்படங்களை அருகில் வைத்து நோக்கியோர் திடுக்கிட்டனர். மூலத்தில் இல்லாத புன்னகை, வண்ணமேறிய சில முகங்களில் இருந்தது! கம்போடியப் பண்பாட்டு அமைச்சு கண்டித்தது. ஏடு கட்டுரையை விலக்கிக்கொண்டது. மரணத்தின் வாயிலில் நின்றவனின் அச்சம் ஒன்றே அவன் விட்டுச்சென்ற சாட்சியம். அதனை அழித்து அவ்விடத்தில் புன்னகை வைப்பவன், கொலைஞனுக்கு எதிரான சாட்சியைக் கலைக்கிறான்.

இங்கே நாம் கண்ணை மூடிக்கொள்ளல் தகாது. அச்சிறை பொதுவுடைமையின் பெயராலேயே நடத்தப்பட்டது. மாஸ்கோ-வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலினுடன் நின்ற யெஷோவ், 1940இல் கொல்லப்பட்ட பின் படத்திலிருந்தும் அகற்றப்பட்டான். அவனே பல்லாயிரவர் அழிவுக்குப் பொறுப்பானவன் என்பது வேறு. அவன் நின்ற இடத்தில் நீரை வரைந்தவர்கள் வரலாற்றைத் திருடினார்கள் என்பது வேறு. பிறர் செய்த புரட்டைக் கண்டிக்கும் முற்போக்காளன் தன் பக்கத்துப் புரட்டையும் அதே கோலால் அளத்தல் வேண்டும்.

மேற்கூறிய மூன்றிலும் உண்மையை வெளிக்கொணர்ந்தது எது? இரு படங்களையும் ஒப்புநோக்கும் செயலே. ஆகவே ஒப்பீட்டு முறையை வெறுக்க வேண்டுவதில்லை. அதனை விளம்பரக்காரனிடமிருந்து மீட்பதே தேவை. மூலப்படம் விளிம்பு வெட்டப்படாமலும் ஒளி குறைக்கப்படாமலும் வைக்கப்படல் வேண்டும். மீட்பை ஒரு படமாகவும் ஊகத்தை வேறொரு படமாகவும் பிரித்துக் காட்டல் வேண்டும். யார், எப்போது, எதனை மாற்றினார் என்பது படத்தின் கீழேயே எழுதப்படல் வேண்டும். செப்பனிட்ட படத்தை மட்டும் தனியே உலவவிடல் ஆகாது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம். "எது அழகாயிருக்கிறது?" என்று மாணவரைக் கேட்பதில் பயனில்லை. "எது காணாமற் போயிற்று? எது புதிதாய் வந்தது? அதனால் யாருக்கு இலாபம்?" என்று கேட்கட்டும். இக்கேள்விகளோடு கோட்டை நகர்த்தப் பழகிய மாணவன், நாளை பத்திரிகையையும் பாடநூலையும் அவ்வாறே படிப்பான். கீறல்கள் ஒரு படத்தின் வயதையும் அது பட்ட பாட்டையும் சொல்வன. அவற்றை நீக்குவோர் நீக்கட்டும். அந்தத் தாயின் விரலையும் அந்தக் கைதியின் அச்சத்தையும் நீக்கும் உரிமை எவருக்கும் இல்லை.