'மேடம் எக்ஸ்' ஓவியமும் பார்ப்போரின் தீர்ப்பும்

ஜான் சிங்கர் சார்ஜென்ட் என்னும் அமெரிக்க ஓவியர் தீட்டிய 'மேடம் எக்ஸ்', 1884ஆம் ஆண்டில் பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது பெருங்கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அதில் நிற்பவர் அமெரிக்காவில் பிறந்து, பிரெஞ்சு வங்கியாளர் ஒருவரை மணந்த வர்ஜினி கோத்ரோ என்னும் சீமாட்டி. அவரது ஆடையின் தோள்பட்டிகளுள் ஒன்று நழுவியிருப்பதாகத் தீட்டப்பட்டிருந்தது. அதுவே ஒழுக்கக்கேடென்று பழிக்கப்பட்டது. பின்னர் ஓவியர் அதனைத் தோள்மேல் ஏற்றித் திருத்தினார்.

இத்திருத்தத்தால் ஓவியத்தின் இயல்பு மாறிற்றா? மாறவில்லை என்பதே நம் கருத்து. கறுப்பு ஆடை, பழுப்புப் பின்னணி, இவற்றிடையே வெளிறிய மேனி ஆகியவை முன்போலவே உள்ளன. உடல் நம்மை நோக்கியிருப்பினும் முகம் அப்பால் திரும்பியிருக்கிறது. பார்ப்போரின் இசைவை அப்பெண்மணி வேண்டி நிற்கவில்லை. கூட்டத்தாரை உறுத்தியது பட்டி மட்டுமன்று, இந்நிமிர்வுமே எனலாம். ஆயினும் மேசைமேல் ஊன்றிய வலக்கையைக் கவனித்தல் வேண்டும். அது இயல்புக்கு மாறாக முறுக்கி நிற்கிறது. அந்நிமிர்வு எத்துணை முயற்சியால் தாங்கப்படுகிறது என்பதை அக்கையே காட்டுகிறது. செருக்கை மட்டும் கண்டோர் இதனைக் காணத் தவறினர்.

சார்ஜென்ட் லண்டனுக்குப் பெயர்ந்து பெரும்புகழ் எய்தினார். கோத்ரோ 1915இல் மறைந்தார். மறு ஆண்டில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திற்கு ஓவியத்தை விற்றபோது, அவர் பெயரைக் குறிக்கலாகாதென ஓவியர் கேட்டுக்கொண்டார். பட்டி திருத்தப்பட்டது, ஓவியம் போற்றப்பட்டது, பழி சுமந்தவருக்கோ பெயரும் இல்லாதாயிற்று. மனிதரைக் கண்டு தீர்ப்புரைக்கும் பொறுப்பிலுள்ள நாம் இதனைச் சிந்திக்கக் கடவோம்.